அரிப்புக்கு ஏன் மனச்சோர்வு மாத்திரை?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அரிப்பு. "இதைப் பற்றிக்கூட ஒரு பேச்சா?" என்று சிலர் சிரிக்கக்கூடும். கொசு கடித்த இடத்தை இரண்டு நிமிடம் சொறிந்துவிட்டு மறந்துபோகிறோமே, அந்த அரிப்பை நான் சொல்லவில்லை. வாரக்கணக்காக, மாதக்கணக்காக உடம்பைவிட்டு அகலாமல், இரவுத் தூக்கத்தைக் கெடுத்து, சோற்றில் கைவைக்கவிடாமல் மனிதனை வாட்டும் அரிப்பைச் சொல்கிறேன். ஆறு வாரத்திற்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட அரிப்பு என்று மருத்துவர்கள் கணக்கில் கொள்கிறார்கள்.

நம் தோட்டப்புறங்களில் இப்படி நடப்பதுண்டு. வயதான ஒருவருக்கு உடம்பெல்லாம் அரிக்கிறது. வேப்பிலை அரைத்துப் பூசியாயிற்று, தேங்காயெண்ணெய் தடவியாயிற்று, கிளினிக்கில் கொடுத்த களிம்பும் தீர்ந்துபோயிற்று. கடைசியில் தோல் மருத்துவர் இரவில் போட்டுக்கொள்ளும்படி ஒரு சிறு மாத்திரையை எழுதித் தருகிறார். வீட்டில் படிக்கிற பேரப்பிள்ளை மாத்திரையின் பெயரைக் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மருந்தாம்" என்கிறது. அவ்வளவுதான். "எனக்கென்ன பைத்தியமா பிடித்திருக்கிறது?" என்று பெரியவர் சீறுகிறார். மாத்திரை சாக்கடைக்குப் போகிறது. அரிப்பு மட்டும் போகவில்லை.

அந்தக் கோபத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். இந்நாட்டில் மனநோய் என்றதும் நினைவுக்கு வருகிற ஊர் ஒன்று உண்டு. பேராக்கிலுள்ள தஞ்சோங் ரம்புத்தானில் 1911-இல் மனநோயாளிகளுக்கான மருத்துவமனை திறக்கப்பட்டது. அன்றிலிருந்து அந்த ஊரின் பெயரே ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. 1971-இல் அதற்கு 'பஹாகியா', அதாவது 'மகிழ்ச்சி' மருத்துவமனை என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறினாலும் ஏச்சு மாறவில்லை. ஆகவே, "உனக்குக் கொடுத்தது மனநோய் மாத்திரை" என்றால், லயத்தில் நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்ததாகவே ஒருவர் எண்ணிக்கொள்கிறார்.

ஆனால், நேயர்களே, இந்த மாத்திரைகள் பிறந்து வளர்ந்த கதையை அறிந்தவர்களுக்கு அந்த வெட்கம் தேவைப்படாது. மனச்சோர்வு மருந்து என்று இன்று பெயர் பெற்றிருக்கும் முதல் மருந்துகளில் சில, அரிப்புக்கும் ஒவ்வாமைக்கும் மருந்து தேடியவர்களின் பட்டறையிலிருந்து வந்தவை. அரிப்பு மருந்து அண்ணன் என்றால், மனச்சோர்வு மருந்து தம்பி. அந்தக் குடும்பத்தின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். நான் மருத்துவன் அல்லன். தோட்டப் பள்ளி ஆசிரியன். எனவே எந்த மருந்தை உட்கொள்வது என்று சொல்வது என் வேலையன்று. அது எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பினாங்குத் தீவின் பின்புறம், மலையைத் தாண்டி இருப்பது எங்கள் பாலிக் புலாவ். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இத்தீவில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிடத் தொடங்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நோய் கண்டு ஜாதிக்காய்த் தோட்டங்கள் அழிந்தன. பின்னர் ரப்பர் வந்தது. பயிர் எதுவானாலும், அதில் பாடுபட்டவன் உடம்பு பட்ட பாடு ஒன்றுதான். காடு வெட்டும்போது கம்பளிப்பூச்சி. லாலான் புல்லில் நடக்கும்போது கீறல். பால் மரத்தடியில் கொசு. ஈரக் காற்றில் ஓயாத வியர்வை. நெருக்கமான லயத்து வீடுகளில் ஒருவருக்குச் சிரங்கு வந்தால் வரிசை முழுவதும் பரவும். வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனி, பிறகு டிரசர் கொடுக்கும் கந்தகக் களிம்பு. இவைதாம் அந்தக் காலத்து மருந்துகள். தமிழில் அரிப்பு, நமைச்சல், ஊறல், தினவு என்று இதற்கு இத்தனை சொற்கள் இருப்பதே, நம் முன்னோருக்கும் இது எவ்வளவு பழக்கமான தொல்லை என்பதைக் காட்டும்.

அரிப்பு என்றால் என்ன? 1660-இல் சாமுவேல் ஹாஃபன்ரெஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். சொறிய வேண்டும் என்ற ஆசையை எழுப்பும் விரும்பத்தகாத உணர்ச்சியே அரிப்பு என்றார். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் மருத்துவ நூல்கள் இந்த விளக்கத்தைத்தான் சொல்லி வருகின்றன. அரிப்பு என்பது குட்டி வலி என்றே நெடுங்காலம் நம்பினார்கள். அப்படியானால் வலியைப் போக்கும் மருந்து அரிப்பையும் போக்க வேண்டுமல்லவா? மார்ஃபின் என்ற மருந்து கடும் வலியையும் போக்கும். ஆனால் அதுவே பலருக்கு அரிப்பை உண்டாக்கும். இந்த முரண்பாடு ஆராய்ச்சியாளர்களை நெடுநாள் குழப்பியது. 1997-இல்தான், ஹிஸ்டமின் பட்டால் அரிப்புச் சேதியை எடுத்துச் செல்லும் மெல்லிய நரம்பிழைகள் மனிதத் தோலில் உண்டு என்பதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

அந்த ஹிஸ்டமினிலிருந்துதான் நம் கதை தொடங்குகிறது. இது நம் உடம்பிலேயே உள்ள ஒரு வேதிப்பொருள். கொசு கடித்தாலும், ஒவ்வாத உணவு உள்ளே போனாலும், தோலுக்கடியிலுள்ள சில உயிரணுக்கள் இதை வெளியே கொட்டுகின்றன. உடனே தோல் சிவக்கிறது, தடிக்கிறது, அரிக்கிறது. பூட்டுக்குள் நுழையும் சாவிபோல, ஹிஸ்டமின் நரம்பிலுள்ள ஒரு பூட்டில் போய்ப் பொருந்துவதால் இது நேருகிறது. அந்தப் பூட்டின் துளையை வேறொன்றால் அடைத்துவிட்டால்?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் டேனியல் போவே. பாரிசிலுள்ள பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில், ஆன்-மாரி ஸ்டாப் என்ற பெண்மணியுடன் சேர்ந்து, 1937-இல் அவர் ஹிஸ்டமினை எதிர்க்கும் முதல் பொருளைக் கண்டுபிடித்தார். அது மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவு நச்சுத்தன்மை உடையதாக இருந்தது. ஆனாலும் வழி திறந்துவிட்டது. 1942-இல் மனிதருக்கு ஏற்ற முதல் மருந்து பிரான்சில் வந்தது. பிறகு அமெரிக்காவில் டைபென்ஹைடிரமின், பிரான்சில் புரோமெதசின் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சளிக்கும் அரிப்புக்கும் நாம் வாங்கும் மஞ்சள் நிறச் சிறு மாத்திரை இருக்கிறதே, குளோர்பெனிரமின், அதுவும் இந்த வரிசைதான். போவேக்கு 1957-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மாத்திரைகளைப் போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும், அரைமணி நேரத்தில் கண் சொக்கும். காரணம், அந்தப் பூட்டு தோலில் மட்டுமின்றி மூளையிலும் இருக்கிறது. மூளையில் ஹிஸ்டமின் நம்மை விழித்திருக்கச் செய்கிறது. அதை அடைத்தால் தூக்கம் வருகிறது. பலர் இதைப் பக்கவிளைவு என்று ஒதுக்கினார்கள். ஆன்றி லபோரி என்ற பிரெஞ்சுக் கடற்படை அறுவை மருத்துவர் ஒதுக்கவில்லை. அறுவைக்கு முன் புரோமெதசின் கொடுக்கப்பட்ட நோயாளிகளிடம் ஓர் அமைதி காணப்படுவதை அவர் கவனித்தார். மூளையில் இன்னும் அழுத்தமாக வேலை செய்யும் மருந்து வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. 1950 டிசம்பரில் பால் சார்பாந்தியே என்ற வேதியியலர் குளோர்புரோமசின் என்ற மருந்தை ஆக்கினார். 1952-இல் பாரிசின் மனநல மருத்துவமனை ஒன்றில் இதைக் கொடுத்துப் பார்த்தபோது, ஆண்டுக்கணக்காகக் கூச்சலும் கொந்தளிப்புமாக இருந்தவர்கள் அமைதியடைந்தார்கள். மனநோய்க்கு மருந்து உண்டு என்ற காலம் அன்றுதான் பிறந்தது. அதற்குத் தாய், ஒவ்வாமை மருந்து!

இந்தச் சேதி சுவிட்சர்லாந்தை எட்டியது. அங்கே கெய்கி என்ற மருந்து நிறுவனம், 1940-களின் இறுதியிலேயே ஹிஸ்டமினை எதிர்க்கும் மருந்து தேடி, நாற்பதுக்கும் மேற்பட்ட பொருள்களை உருவாக்கி வைத்திருந்தது. அவற்றின் வேதி வடிவத்தில் மூன்று வளையங்கள் ஒட்டியிருக்கும். புரோமெதசினிலும் அதே மூன்று வளையங்கள்தாம். வேறுபாடு நடு வளையத்தில். புரோமெதசினில் கந்தக அணு இருக்கும் இடத்தில் இவற்றில் இரண்டு கரிம அணுக்கள் இருந்தன. வீட்டின் தூண்களை மாற்றாமல் நடுக்கதவை மட்டும் மாற்றியது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ரோலன்ட் கூன் என்ற மனநல மருத்துவர் மியூன்ஸ்டர்லிங்கன் என்ற ஊரின் மருத்துவமனையில் வேலை செய்துவந்தார். கெய்கி தந்த பொருளை முதலில் குளோர்புரோமசின் தரப்படும் நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார். பயனில்லை. பிறகு 1956-இல், கடும் மனச்சோர்வில் வீழ்ந்திருந்தவர்களுக்குக் கொடுத்தார். சில நாட்களில் அவர்கள் முகம் தெளிந்தது, பேசினார்கள், உண்டார்கள். 1957-இல் தம் முடிவுகளை அவர் எழுதி வெளியிட்டார். அதே ஆண்டு சூரிக்கில் நடந்த உலக மாநாட்டில் இதைப் பற்றி அவர் உரையாற்றியபோது, கேட்க வந்தவர்கள் ஒரு டஜன் பேர்தான் என்பார்கள். அந்த மருந்தின் பெயர் இமிபிரமின். உலகின் முதல் மூன்று வளைய மனச்சோர்வு மருந்து அதுதான்.

அந்த வெற்றியோடு மருந்துக்கு ஒரு பெயர்ப்பலகை மாட்டப்பட்டது: 'மனச்சோர்வு மருந்து.' அதன் வழியில் வந்த தம்பிகளுக்கும், 1961-இல் அமெரிக்காவில் வந்த அமிட்ரிப்டிலினுக்கும், 1969-இல் வந்த டாக்செபினுக்கும், அதே பலகை மாட்டப்பட்டது. கவனியுங்கள் நேயர்களே. அந்தப் பலகை, முதலில் எந்த நோயாளியிடம் பயன் கண்டார்களோ அதைச் சொல்கிறதே தவிர, மருந்து உடம்பில் செய்யும் வேலைகள் அனைத்தையும் சொல்வதில்லை. மிளகாய் விற்கும் கடைக்கு மிளகாய்க்கடை என்று பெயர் இருக்கலாம்; உள்ளே உப்பும் புளியும் இருக்காதா?

1970-களில் ஆய்வுக்கூடங்களில், எந்த மருந்து ஹிஸ்டமின் பூட்டை எவ்வளவு இறுக்கமாக அடைக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். வியப்பு என்னவென்றால், மனச்சோர்வு மருந்தான டாக்செபின், அரிப்புக்கென்றே செய்யப்பட்ட டைபென்ஹைடிரமினைவிடப் பல நூறு மடங்கு வலுவாக அதை அடைத்தது. மலாயில் 'பாலிக்' என்றால் திரும்புதல் என்றும் பொருள் உண்டல்லவா? அரிப்பு மருந்து தேடியவர்களின் வீட்டில் பிறந்து மனநல மருத்துவமனைக்குப் போன மருந்து, மீண்டும் தோல் மருத்துவரின் மேசைக்கே திரும்பி வந்தது.

1985-இல் அமெரிக்காவில், நாட்பட்ட தடிப்பும் அரிப்பும் உள்ள 50 பேருக்கு இரண்டு மருந்துகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்து ஒப்பிட்டார்கள். டைபென்ஹைடிரமினால் முற்றிலும் குணம் கண்டவர்கள் நூற்றுக்கு 5 பேர். டாக்செபினால் 43 பேர். இதற்குக் கொடுத்த அளவு, மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட மிகவும் குறைவு. 1994-இல் டாக்செபின் தோலில் பூசும் களிம்பாகவும் அமெரிக்காவில் வந்துவிட்டது. தோலில் பூசும்போது அது யாருடைய பைத்தியத்திற்கு மருந்து?

சரி, எல்லா அரிப்புக்கும் ஹிஸ்டமின்தான் காரணமா? இல்லை. இதை மெய்ப்பிக்க உதவியது நம் நாட்டு வேலிகளில் படரும் ஒரு கொடி. அதுதான் பூனைக்காலி. அதன் காய்மேல் உள்ள பொன்னிறச் சுணை உடம்பில் பட்டால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். செம்பனைத் தோட்டங்களில் மண்ணை மூடி வளர்க்கும் முக்குனா கொடி இதற்கு நெருங்கிய உறவு. பூனைக்காலிச் சுணையை ஆராய்ச்சியாளர்கள் 1950-களிலேயே ஆராயத் தொடங்கினார்கள். 2007, 2008 ஆம் ஆண்டுகளில் வந்த ஆய்வுகள், அந்த அரிப்பு ஹிஸ்டமின் வழியாக வருவதன்று, வேறு நரம்பிழைகள் வழியாக மூளைக்குப் போகிறது என்று காட்டின. அரிப்புக்குப் பாதைகள் பல. அதனால்தான் மஞ்சள் மாத்திரையை எத்தனை போட்டாலும் சிலருக்கு அரிப்பு அடங்குவதில்லை.

அக்கி வந்து ஆறிய இடத்தில் தொடரும் அரிப்பு, நரம்பு நசுங்குவதால் வரும் அரிப்பு, ஈரல் நோயால் வரும் அரிப்பு, சிறுநீரகம் பழுதடைந்தவர்களின் அரிப்பு ஆகியவை இப்படிப்பட்டவை. தோலில் ஒன்றும் இருக்காது. உள்ளே நரம்பு ஓயாமல் கூவிக்கொண்டிருக்கும். இங்கே அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் நரம்பின் கூச்சலைத் தணிக்கின்றன. பின்னாளில் வந்த மிர்டசபின் இரவு அரிப்புக்கும், செர்ட்ரலின் ஈரல் நோயில் வரும் அரிப்புக்கும் பயன்படுகின்றன. செர்ட்ரலின் பற்றிய ஆய்வு 2007-இல் வந்தது. வலிப்பு நோய்க்கு வந்த காபபென்டின் என்ற மருந்தையும் இன்று அரிப்புக்குக் கொடுக்கிறார்கள். அதை வாங்குபவரை யாரும் வலிப்புக்காரர் என்பதில்லையே!

சிறுநீரக அரிப்பு நம் குடும்பங்களுக்கு மிக அருகில் இருக்கிறது. மலேசியாவில் பெரியவர்களில் நூற்றுக்கு 15.6 பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு கண்டது. சிறுநீரகம் செயலிழப்பதற்கு இந்நாட்டில் முதற்காரணம் அந்த நீரிழிவுதான். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் உறவினர் ஒருவராவது இல்லாத குடும்பம் நம்மிடையே அரிதாகி வருகிறது. அவர்களில் பலரை வாட்டுவது இந்த அரிப்பு. 2007-இல் ஈரானில் இத்தகைய 24 நோயாளிகளுக்கு டாக்செபின் கொடுத்துப் பார்த்தபோது, 14 பேருக்கு அரிப்பு முற்றிலும் நின்றது. மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்தபோது 2 பேருக்குத்தான் நின்றது. சிறிய ஆய்வுதான், எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல முடியாது. 2021-இல் டயாலிசிஸ் அரிப்புக்கென்றே டிஃபெலிகெஃபலின் என்ற ஊசி மருந்து அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது.

இத்தனையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் பக்கத்து வீட்டில் இருக்கும் அந்த மாத்திரையை வாங்கிப் போட்டுப் பார்ப்போம்" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். மருத்துவர்கள் இதை முதல் மருந்தாகக் கொடுப்பதில்லை. விரலிடுக்கில் அரித்து, வீட்டில் எல்லாரும் சொறிகிறார்கள் என்றால் அது சிரங்குப் பூச்சியின் வேலை. அதற்குரிய பூச்சு மருந்தை வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் பூசிக்கொள்ள வேண்டும். தோலில் ஒன்றும் இல்லாமல் உடம்பெல்லாம் அரித்தால், முதலில் இரத்தத்தைச் சோதித்துச் சிறுநீரகம், ஈரல், சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இந்த மூன்று வளைய மருந்துகளுக்குச் சில குணங்கள் உண்டு. தூக்கம் வரும், ஆகவே போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும், செம்பனைக் குலை வெட்டுவதும் ஆகாது. வாய் உலரும், மலம் கட்டும். வயதான ஆண்களுக்குச் சிறுநீர் தடைப்படலாம். கண் அழுத்தமோ இருதயக் கோளாறோ இருந்தால் மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். டயாலிசிஸ் நோயாளிக்கு அளவை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். சம்சுவோடும் மற்ற மதுவோடும் இது சேரவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். சில மாத்திரைகளை விழுங்கினாலே ஒரு சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து. பிடிக்கவில்லை என்றால் திடீரென நிறுத்தாமல், கொடுத்தவரிடமே போய்ச் சொல்லுங்கள்.

இறுதியாக ஒன்று. அரிப்பால் தூக்கம் போகிறது. தூக்கம் போனால் மனம் சோர்கிறது. மனம் சோர்ந்தால் அரிப்பு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. ஆறு மாதம் தூங்காத ஒருவருடைய மனம் வாடியிருந்தால் அதில் என்ன வியப்பு? அரிப்புக்கென்று கொடுத்த மாத்திரை அந்த வாட்டத்தையும் கொஞ்சம் போக்குமானால், அது குறையா, கூடுதல் நன்மையா? மனச்சோர்வுக்கென்றே அதை உட்கொள்பவருக்கும் வெட்கப்பட ஒன்றுமில்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் வெட்கப்படுகிறாரா?

ஆகவே, வீட்டில் யாருக்கேனும் இந்த மாத்திரை கொடுக்கப்பட்டால், மருந்தின் பெயரைத் தேடிப் பார்க்கிற பிள்ளைகளே, பாதியில் நிறுத்தாமல் முழுக்கதையையும் படித்துச் சொல்லுங்கள். "தாத்தா, இது அரிப்பு மருந்தின் தம்பி. பெயர்தான் வேறு" என்று சொல்லுங்கள். மாத்திரை சாக்கடைக்குப் போகாது. அன்றிரவு அவர் தூங்கவும் கூடும்.